முக்காலியின் அருகே நிற்பவர்கள்

பழைய ஜவுளிக்கடைகளில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே மெத்தையில்தான் உட்கார்ந்தார்கள். தரையிலிருந்து ஓரடி உயர்ந்த மேடை, வெள்ளைத்துணி போர்த்திய மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தால், எதிரில் சம்மணமிட்டிருக்கும் கடைக்காரர் அலமாரிப் பையனுக்குக் குரல் கொடுத்துப் புடவைகளை வரவழைத்து ஒவ்வொன்றாக உதறி விரிப்பார். பையன் நிற்கத்தான் செய்தான். ஆனால் விற்பது உட்கார்ந்து செய்கிற வேலையாக இருந்தது.

பலமாடிக் கடைகள் வந்தபோது மெத்தை போய்க் கவுண்டர் வந்தது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் வாங்குகிறவர்களுக்கு நாற்காலி போட்டார்கள். அந்தப் பக்கம் எதுவும் போடவில்லை. முதலாளியே முன்னால் இருந்து விற்ற சின்னக் கடையில் யார் வேலை செய்கிறார்கள், யார் ஏய்க்கிறார்கள் என்பது அவர் கண்ணுக்கே தெரிந்தது. ஐந்து மாடியில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்யும் கடையில் அது நடக்காது. வேலை நடக்கிறது என்பதற்கு ஏதாவது ஓர் அடையாளம் தேவைப்பட்டது. நிற்பதே அந்த அடையாளமாயிற்று. ஆள் வராத பிற்பகல் மூன்று மணிக்கும் நின்றுகொண்டிருப்பவர் உழைக்கிறார், உட்கார்ந்திருப்பவர் சம்பளத்தை வீணாக்குகிறார் என்றொரு கணக்கு உண்டாயிற்று. எந்த மேலாண்மைப் பாடநூலிலும் இந்தக் கணக்கு இல்லை. ஆனால் கடைத்தெருவுக்கு வேலைக்கு வந்த பெண்கள் தங்கள் கால்களால் அறிந்த முதல் மனிதவள நடைமுறை இதுதான்.

ஊழியர் ஈடுபாடு, பணி நிறைவு என்றெல்லாம் இப்போது நிறையப் பேசப்படுகிறது. கருத்தரங்குகள் நடக்கின்றன, ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. பெரும்பாலும் அவை கணினியின் முன் உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பற்றியவை. நான் நின்று வேலை செய்பவர்களிடமிருந்து தொடங்க விரும்புகிறேன். ஒரு நிறுவனத்தின் நடைமுறை மனிதரின் மனத்துக்குள் என்ன செய்கிறது என்பது அங்கேதான் மறைப்பு எதுவும் இல்லாமல் தெரிகிறது.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் கொண்டுவந்த திருத்தம் அது. ஒவ்வொரு கடையிலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும்; வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். இவ்வளவுதான் பிரிவின் சாரம். இந்தியாவில் இப்படிச் சட்டம் செய்த இரண்டாவது மாநிலம் நாம். முதல் மாநிலம் கேரளம், 2018-இல். அங்கே அது அரசாங்கத்தின் யோசனையாகத் தோன்றியதல்ல. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், தையல் வேலை செய்துவந்த விஜி என்பவரின் தலைமையில், முதலில் கழிப்பறை கேட்டுப் போராடினார்கள். பிறகு உட்கார இடம் கேட்டார்கள். ‘பெண்கூட்டு’ என்ற பெயரில் அவர்கள் நடத்திய உட்காரும் உரிமைப் போராட்டம் பல ஆண்டுகள் ஓடிய பிறகுதான் சட்டம் வந்தது.

நம் தொழிற்சாலைச் சட்டம் 1948-இலேயே தன் 44-ஆம் பிரிவில் இதே வசதியைச் சொல்லிவிட்டது. நின்று வேலை செய்யும் தொழிலாளி இடையில் கிடைக்கும் ஓய்வைப் பயன்படுத்த இருக்கை வேண்டும் என்று ஆலைக்கு எழுதிய கை, கடைக்கு எழுதவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. கடையில் நிற்பது மரியாதை, விருந்தோம்பல், வாடிக்கையாளருக்குத் தரும் மதிப்பு என்று நமக்குப் பழகிப்போயிருந்ததே காரணம் என்று நினைக்கிறேன். இயந்திரத்தின் முன் நிற்பவரின் கால்வலியை ஒப்புக்கொண்ட நாம், நம் முன்னாலேயே நிற்பவரின் கால்வலியைப் பணிவு என்று எடுத்துக்கொண்டோம்.

பிரிட்டனில் இதற்கான சட்டம் 1899-இல் வந்தது. மூன்று பெண் பணியாளர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது அது. அந்தக் காலத்து லண்டன் ஜவுளிக்கடைகளைப் பற்றிப் படித்தால் சென்னையின் ரங்கநாதன் தெருவைப் பற்றிப் படிப்பது போலவே இருக்கும். கடைப்பணியாளர்கள் முதலாளி தரும் விடுதியில் தங்க வேண்டும், முதலாளி போடும் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும், எதற்கெடுத்தாலும் அபராதம். எச்.ஜி. வெல்ஸ் சிறுவனாக ஒரு ஜவுளிக்கடையில் பயிற்சிக்கு விடப்பட்டு, பொதுப் படுக்கையறையில் தூங்கி, நாளெல்லாம் நின்றவர். 1905-இல் வெளிவந்த அவருடைய ‘கிப்ஸ்’ நாவலில் அந்த வாழ்க்கை இருக்கிறது. மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் பதினான்கு வயதில் கடை வேலைக்குப் போனார். கடைப்பணியாளர் சங்கத்தில் சேர்ந்து, அந்த விடுதி முறையை எதிர்த்துப் புனைபெயரில் எழுதினார். 1929-இல் பிரிட்டிஷ் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்; ஏற்ற துறை தொழிலாளர் துறை.

2010-இல் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ படத்தை எடுத்தபோது தமிழ்ப் பார்வையாளர்கள் அதிர்ந்தார்கள். அதில் வந்தவை பண்டிகைக்குப் பண்டிகை நாம் போய்வந்த கடைகள்தான். அந்தப் பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பது மட்டும் அதுவரை நம் கண்ணில் படாமல் இருந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள் எடுப்பது, ஊர்க்காரர் மூலம் எடுப்பது, படிப்பை நிறுத்திய பிள்ளைகளை எடுப்பது, சாப்பாடும் தங்கலும் தருவது என்று ஓர் ஆளெடுப்பு முறையே இங்கே உண்டு. மனிதவளப் பாடத்தில் தேர்வு, பணியமர்த்தல், தக்கவைத்தல் என்று தனித்தனி அத்தியாயங்களாக வருவதெல்லாம் இங்கே ஒரே கயிற்றில் முடிந்துவிடுகின்றன. வேலையை விட்டால் படுக்க இடமும் போய்விடும். இப்படித் தக்கவைக்கப்பட்டவரை ஈடுபாட்டுடன் வேலை செய்பவர் என்று எண்ணுவது பெரிய பிழை.

ஈடுபாடு என்பதை ஆய்வுப் பொருளாக முதலில் வகுத்தவர் வில்லியம் கான். 1990-இல் வெளியான அவருடைய கட்டுரை ஒரு கோடை முகாமின் வழிகாட்டிகளையும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் ஊழியர்களையும் அருகிலிருந்து பார்த்து எழுதப்பட்டது. மனிதர் தன்னை வேலைக்குள் எவ்வளவு கொண்டுவருகிறார், எப்போது தன்னை உருவி எடுத்துக்கொண்டு கையை மட்டும் வேலையில் விட்டுவைக்கிறார் என்பது அவர் கேள்வி. மூன்று நிலைமைகளை அவர் கண்டார். செய்யும் வேலைக்குப் பொருள் இருக்கிறது என்ற உணர்வு. தன்னை வெளிப்படுத்தினால் தனக்குக் கெடுதல் வராது என்ற தைரியம். தன்னைக் கொடுப்பதற்குத் தன்னிடம் ஏதாவது மிச்சம் இருப்பது. மூன்றாவதை விளக்கும்போது உடல்பலம் தீர்ந்துபோவதை அவர் வெளிப்படையாகவே சொல்கிறார். பின்னாளில் ஈடுபாட்டை அளக்கும் வியாபாரம் வளர்ந்தபோது இந்த உடல் எங்கோ தவறிவிட்டது. கேள்வித்தாள்கள் மனத்தை மட்டும் கேட்கின்றன.

புடவை செக்ஷனில் இந்த மூன்றையும் கண்ணாலேயே பார்க்கலாம். வேலைக்குப் பொருள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. முகூர்த்தப் புடவை எடுக்க வரும் குடும்பத்தில் மாமியாருக்கு ஒன்று பிடிக்கும், மணப்பெண்ணுக்கு ஒன்று பிடிக்கும், பணம் கட்டுகிற அப்பாவுக்கு விலைச்சீட்டு மட்டும் கண்ணில் படும். மூன்று பேரையும் ஒரே புடவையில் கொண்டுவந்து சேர்ப்பது சாதாரணத் திறமை அல்ல. எந்த நிறத்துக்கு எந்தக் கரை எடுக்கும், இந்த முந்தானை இவர் உயரத்துக்கு நிற்குமா, பட்டு கனமாக இருக்கிறதே நாளெல்லாம் உடுத்தி உட்கார முடியுமா என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். அடுத்த கல்யாணத்துக்கும் அந்தக் குடும்பம் அவரைத்தான் தேடி வரும். “போன தடவை அந்தப் பொண்ணுதான் எடுத்துக் கொடுத்துச்சு, கைராசிக்காரி” என்பார்கள். அதைக் கேட்கும்போது அந்த முகத்தில் தெரிவதுதான் பணி நிறைவு. எந்த ஊக்கத்தொகையாலும் அதை உண்டாக்க முடியாது. அதைக் கெடுப்பதற்கு மட்டும் பல வழிகள் இருக்கின்றன.

மாலை ஏழு மணிக்கு மேல் அதே பெண்ணைப் பாருங்கள். மேல் அடுக்கில் நமக்குப் பொருத்தமான புடவை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஏறி எடுக்க மாட்டார். கைக்கெட்டியதைக் காட்டுவார். “வேற கலர் இருக்கா?” என்றால் “இவ்வளவுதாங்க” என்பார். நாம் அதை அலட்சியம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறோம். கான் சொன்ன உருவி எடுத்துக்கொள்ளல் இதுதான். காலையிலிருந்து நின்ற கால் அவரிடம் இருந்த மிச்சத்தைத் தின்றுவிட்டது. பல வருடம் இப்படி நின்றவர்களுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்பதை அவர்கள் பாவாடைக்குள் மறைத்துவைத்திருக்கிறார்கள். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும் என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் செய்துவிட்டுச் சிரித்த முகமும் காட்ட வேண்டும். விமானப் பணிப்பெண்களின் சிரிப்பை ஆராய்ந்த ஆர்லி ஹாக்ஸ்சைல்ட், உணர்ச்சியையே கூலிக்கு விற்க நேரும் உழைப்பு என்று அதை 1983-இலேயே எழுதிவிட்டார். அவர் எழுதிய விமானப் பணிப்பெண்களுக்காவது தரையிறங்கும்போது உட்கார ஓர் இருக்கை இருந்தது.

சட்டம் வந்த பிறகு ஸ்டூல்கள் வந்தன. எல்லாக் கடையிலும் வரவில்லை, பல கடைகளில் வந்தன. தியாகராய நகரில் ஒரு கடையில், கூட்டமில்லாத வாரநாள் பிற்பகலில், புடவைகளை மடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலி இருந்தது. அதன்மேல் மடித்த புடவைகள் அடுக்கியிருந்தன.

“உக்காரலாம்க்கா. உக்காராதன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா உக்காந்திருக்கிறப்பதான் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க” என்றார்.

“எதுக்குக் கூப்பிடுவாங்க?”

“சும்மாதான். இங்க வா, அந்த ரேக்க அடுக்கு, அந்த பீஸ எடுத்து வையின்னு. நின்னுகிட்டு இருக்கிற பிள்ளைய கூப்பிட மாட்டாங்க. ரெண்டு மூணு தடவ அப்படி ஆச்சுன்னா நமக்கே தெரிஞ்சிரும்லக்கா.”

ஸ்டூலில் ஏன் புடவை அடுக்கியிருக்கிறது என்று கேட்டேன். “காலியா இருந்தா உக்காரத் தோணும்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த புடவையை எடுத்தார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு 22-அ பிரிவை மறுபடி படித்தேன். உட்காரக் கிடைக்கும் வாய்ப்பு என்கிறது சட்டம். வாய்ப்பு வந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? சட்டம் சொல்லவில்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்திலும் கிட்டத்தட்ட இதே சொற்கள்தான் இருந்தன, அங்கும் சொல்லவில்லை. முடிவு செய்பவர் சூப்பர்வைசர். நாற்காலிக்கும் உடலுக்கும் நடுவே அவர் பார்வை நிற்கிறது. மனிதவள நடைமுறை என்று நான் எதைச் சொல்கிறேன் என்றால் இந்த நடு இடத்தைத்தான். கொள்கை ஏட்டில் இருப்பது ஒன்று. ஒரு பெண் உட்கார்ந்த அரை நிமிடத்தில் அவர் பெயர் கூப்பிடப்படுகிறதா இல்லையா என்பது இன்னொன்று. வேலையைப் பற்றிய அவர் மனம் இரண்டாவதில்தான் உருவாகிறது.

சூப்பர்வைசரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவரும் பெரும்பாலும் அதே ஊர்களிலிருந்து பதினேழு பதினெட்டு வயதில் வந்து, அதே தளத்தில் நின்று மேலே வந்தவர். அவருக்கு மேல் காமிரா இருக்கிறது, விற்பனைக் கணக்கு இருக்கிறது. தன் செக்ஷனில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதை மேலிருந்து ஒருவர் பார்த்துவிட்டால் கேள்வி அவரிடம்தான் வரும். பயம் மாடிப்படியில் கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. கடைசிப் படியில் இருப்பவருக்கு அதைத் தள்ளிவிடக் கீழே ஆள் இல்லை.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட நூலை மேலாண்மை படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். சுமார் இருநூறு பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும், வேலையில் மிக மகிழ்ந்த நேரத்தையும் மிக நொந்த நேரத்தையும் சொல்லச் சொல்லி, இரண்டுக்கும் காரணங்கள் வேறுவேறு என்று கண்டார். சாதித்தது, பாராட்டப்பட்டது, வேலையின் சுவை ஆகியவை நிறைவைத் தருகின்றன. சம்பளம், மேற்பார்வை, பணியிடச் சூழல் போன்றவை குறைந்தால் மனம் நோகும். நிறைந்தாலும் மகிழ்ச்சி வராது, நோவு மட்டும் நீங்கும். நொந்த நேரங்களுக்குக் காரணமாக அவர்கள் அதிகம் சொன்னது நிறுவனத்தின் கொள்கையும் நிர்வாகமும். மனிதவளத் துறையில் இருப்பவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அவருடைய பிரிவினையோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர் அட்டவணைப்படி நாற்காலி பணியிடச் சூழலில் சேரும். இல்லாவிட்டால் வலி, இருந்தால் ஒன்றுமில்லை. அவர் கேட்ட பொறியாளர்கள் எல்லோருக்கும் நாற்காலி இருந்தது. அதனால் அவர்களுக்கு அது வெறும் நாற்காலி. நின்றே பழகிய ஒருவருக்கு “உட்காருங்கள்” என்று சொல்வது உங்கள் உடல் எங்கள் கணக்கில் இருக்கிறது என்று சொல்வது. உங்களை நம்புகிறோம், நீங்கள் உட்கார்ந்தால் வேலை ஓடிவிடாது என்று எங்களுக்குத் தெரியும் என்று சொல்வது. அது பாராட்டின் இனத்தைச் சேர்ந்தது. கீழே இருப்பவர்களின் வாழ்க்கையில் சூழலும் மரியாதையும் தனித்தனி அறைகளில் இருப்பதில்லை. சாப்பாட்டில் புழு இருந்தால் அது உணவுப் பிரச்சினை மட்டுமல்ல.

2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் அதைத்தான் காட்டினார்கள். விடுதிச் சாப்பாடு ஒவ்வாமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். ஐஃபோன் செய்யும் ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரத்துக்கு ஏற்ப இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. ஆலை மறுபடி திறந்தது ஜனவரியில். தங்குமிடமும் மெஸ்ஸும் மனிதவளத்தின் ஓரப்பகுதி என்று நினைத்தவர்களுக்கு உற்பத்தியே நின்றுபோன பிறகுதான் உண்மை புரிந்தது.

நம் ஊர் முதலாளிகளிடம் ஒரு பழைய முறை உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடைப்பிள்ளைகளை வீட்டுப்பிள்ளைகளாக நினைப்பது; தீபாவளிக்குத் துணி, போனஸ், இனிப்பு; கல்யாணத்துக்குச் சீர்; அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால் கையில் பணம். அண்ணாச்சி என்று கூப்பிட்டு அவரிடம் நேராகப் போய் நின்று அழுத பிள்ளைகளின் கண்ணீரைத் துடைத்த கைகள் அவை. இன்றைய பெருநிறுவன மனிதவளத் துறையின் தானியங்கி மின்னஞ்சலைவிட அந்தக் கைகளில் ஈரம் அதிகம். ஆனாலும் அந்த அன்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளலாம், கொடுக்காததைக் கேட்க முடியாது. கேட்டால் நன்றி கெட்டவள். விடுப்பு, உட்காரும் இடம், ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணி நேரம், எல்லாமே முதலாளி மனசு. சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரமும் வாரத்துக்கு நாற்பத்தெட்டும் 1947-இலிருந்து எழுத்தில் இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களில் நிலைமை தலைகீழ் என்று தோன்றும். அங்கே நாற்காலிகள் முதுகெலும்பின் வளைவுக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. மனிதவளத் துறை வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ கேள்வித்தாள் அனுப்புகிறது. உங்கள் கருத்து மதிக்கப்படுவதாக உணர்கிறீர்களா, ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பெயர் வெளிவராது என்று உறுதி தருகிறார்கள். இணைப்பு மட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாக வருகிறது. எட்டுப் பேர் உள்ள அணியில் ஒருவர் ‘இரண்டு’ போட்டால் யார் என்று கண்டுபிடிக்க மேலாளருக்கு அதிக நேரம் ஆகாது. அதனால் எல்லோரும் நான்கு போடுகிறார்கள். ஸ்டூலில் புடவை அடுக்கிய பெண்ணும் நான்கு போட்ட மென்பொருள் பொறியாளரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். தன்னை வெளிப்படுத்தினால் கெடுதல் வரும் என்று தெரிந்து ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

கேட்பதை ஒரு நுட்பமாகப் பயன்படுத்துவது புதிதல்ல. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளிலிருந்துதான் தொழிலாளரின் மனம் மேலாண்மையின் பாடத்துக்குள் வந்தது. எல்டன் மேயோவின் பெயரோடு அவை புகழ்பெற்றன. கவனித்தால் உற்பத்தி கூடும் என்று மாணவர்கள் அதைச் சுருக்கமாகப் படிக்கிறார்கள். சுருக்கத்தில் விட்டுப்போகிற ஒன்று: கவனிக்கப்பட்ட சிறு அறையில் வேலை செய்த பெண்களில் இருவர், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928-இல் மாற்றப்பட்டார்கள். இன்னொன்று: அந்த ஆலையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பேட்டிகள் எடுத்தார்கள், பின்னர் ஆலோசகர்களையே தனியாக நியமித்தார்கள். ஆலோசகரின் வேலை கேட்பது மட்டும். கேட்ட குறையைத் தீர்ப்பது அவர் வேலை அல்ல, மேலிடத்துக்குக் கொண்டுபோவதும் அல்ல. மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டால் தொழிலாளி லேசாகிவிடுவார் என்பது நம்பிக்கை. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்தும் நம் ஊழியர் கருத்துக் கணிப்புகளில் பெரும்பாலானவை அந்த ஆலோசகரின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

இந்த இடத்தில் 2024-இன் சாம்சங் வேலைநிறுத்தத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே, குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் சலவை இயந்திரமும் செய்யும் ஆலை. செப்டம்பர் 9-ஆம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். சம்பளமும் வேலை நேரமும் கோரிக்கையில் இருந்தன. ஆனால் எதற்கும் முன்னால் நின்ற கோரிக்கை, தாங்கள் அமைத்த சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. நடுவில் நிர்வாகம் தொழிலாளர் குழு ஒன்றோடு உடன்பாடு செய்து, மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, கூடுதல் குளிர்சாதனப் பேருந்துகள் என்று அறிவித்தது. பந்தல் கலையவில்லை. அமைச்சர்கள் பேசி, அக்டோபர் 15-இல் 37-ஆம் நாள் வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கத்தின் பதிவு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் கிடைத்தது.

மனிதவளத்தைப் பற்றி இந்த மாநிலத்தில் அண்மையில் எழுதப்பட்ட மிக முக்கியமான பாடம் என்று அந்த 37 நாட்களைச் சொல்வேன். பணத்தையும் பேருந்தையும் தந்த பிறகும் சம்பளமில்லாமல் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன கேட்டார்கள்? தாங்கள் தேர்ந்தெடுத்தவர் வழியாகப் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லும் கடமை எதிரில் இருப்பவருக்கு இருக்க வேண்டும். நிர்வாகம் அமைக்கிற குழுவில் நிர்வாகம் கேட்கிறது. பதில் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அதன் விருப்பம். சங்கத்தின் முன் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வேறுபாட்டைத் தொழிலாளி சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறார். மனிதவளத் துறையின் பெரும்பகுதி அதைத் தெரியாததுபோல் நடந்துகொள்கிறது.

என் முடிவு இதுதான். பணி நிறைவை நடைமுறைகள் நேரடியாகத் தயாரித்துத் தருவதில்லை. வேலையிலேயே அது இருக்கிறது. புடவையை விரிக்கிற கையில், அந்தக் கையைத் தேடி வருகிற குடும்பத்தில். ‘இது சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு என்ன நடக்கும் என்பதை மட்டும் நடைமுறைகள் தீர்மானிக்கின்றன. கெடுதல் நடக்கும் என்று தெரிந்த இடத்தில் திறமைசாலியும் கையை மட்டும் வேலையில் வைத்துவிட்டுத் தன்னை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அங்கே ஆண்டு விழாவும் விருதும் பிறந்தநாள் கேக்கும் ஒன்றும் செய்யாது. பதில் கிடைக்கும் என்று தெரிந்த இடத்தில், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், மேல் அடுக்கில் இருக்கும் புடவையை அவர் ஏறி எடுப்பார்.

கடைகளில் சங்கம் மிகக் குறைவு. வேலைக்கு வரும் பிள்ளைகளின் வயதும் விடுதி வாழ்க்கையும் அடிக்கடி ஊர் திரும்புவதும் அதற்குத் தடை. அதனால் அங்கே பதில் சொல்லும் கடமையை உண்டாக்க வேண்டியவர்கள் தொழிலாளர் துறையின் ஆய்வாளர்கள்; அவர்கள் ஸ்டூல்களின் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு போகாமல், அவற்றின் மேல் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கடை நடத்துபவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஆள் இல்லாத நேரத்தில் செக்ஷனில் பாதிப் பேர் முறைவைத்து உட்கார்ந்தாக வேண்டும் என்று விதி செய்து, அதை நடத்திக்காட்டாத சூப்பர்வைசரிடம் விளக்கம் கேளுங்கள். உட்கார அனுமதி என்று எழுதிப் பயனில்லை. அனுமதி என்றால் கேட்க வேண்டியிருக்கும்.

வாங்கப் போகிற நமக்கும் பங்கு உண்டு. உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் நமக்கு மரியாதை குறைந்துவிட்டதாக முகம் சுளிக்காமல் இருக்கலாம். அடுத்த தடவை புடவை எடுக்கும்போது கவுண்டருக்கு அந்தப் பக்கம் பாருங்கள். ஸ்டூல் இல்லையென்றாலோ, இருந்தும் துணி அடுக்கியிருந்தாலோ, பில் போடும் இடத்தில் மேலாளரிடம் சொல்லுங்கள். 22-அ பிரிவு என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். எந்தப் பெண்ணையும் எந்தச் செக்ஷனையும் சுட்டிக்காட்டாதீர்கள், கடை முழுவதையும் பற்றிப் பொதுவாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதால் யாருடைய வேலையும் போய்விடக் கூடாது.